மீன் கீறாத கோப்பைகள்

மண் பிசைகிற தொழிலில் முதலில் வலிப்பது தோள்பட்டை. செய்ததைத் தூக்கிக்கொண்டு விற்கப் போனால் அந்த வலி காதுக்கு ஏறிவிடும். கையால் எதையாவது செய்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தையல்காரி, பாய் இழைக்கிறவள், பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறவள், நீங்கள் எல்லாரும் பட்டிருப்பீர்கள். அதனால் உங்களிடம் மட்டும் கோபத்தை மறைக்காமல் சொல்லப் போகிறேன். மற்ற ஆட்களுக்கு முன்னால் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை நொந்துபோய்விட்டது.

எனக்கு ஊர் தேற்றாத்தீவு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு நிலம். தேத்தண்ணிக் கோப்பை, கிண்ணம், பூச்சாடி செய்கிறேன். என் வீட்டுக்காரர் வாவியில் வலை போடுகிறவர். அவர் இந்தக் கதைக்குள் வரமாட்டார், கறிக்கு மீனோடு மட்டும் வருவார். சுற்றிவரத் தண்ணீர் இருந்தும் என் சாமான்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெளிறின மஞ்சள், காய்ந்த செங்கல் நிறம், காற்று கோடு கீறிவிட்டுப் போன மணல். பாலைவனம். ஒரு அரபு நாட்டில் வருஷக்கணக்காக வீட்டு வேலை செய்தபோது தினமும் நான் பார்த்த பாலைவனம். அங்கே உழைத்தது குடும்பத்துக்கு வந்தது, வாங்கின சாமான் சொந்தக்காரருக்கு வந்தது. எனக்கென்று வந்தது அந்த மணலின் நிறம் ஒன்றுதான்.

அதையும் பிடுங்கத்தான் பார்த்தார்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு அன்பளிப்புப் பொருள் கடையில் எனக்கென்று அலுமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, மேலே குட்டி லைட். அந்தத் தட்டு இருந்தால் நான் ஒரு தொழில்காரி. இல்லாவிட்டால் கல்முனை றோட்டோரத்தில் கொட்டில் போட்டுத் தூசி குடிக்கிற ஒருத்தி. தட்டு வேணுமா, உன் பாலைவனம் வேணுமா என்று ஒரு நாள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால்தான் என் கொதி உங்களுக்கு விளங்கும்.

சூட்கேஸ் மண்

பெரியகல்லாற்றிலிருந்து ஒரு அம்மா என் றோட்டோரக் கொட்டிலுக்கு வந்தா. ஒவ்வொரு கிண்ணமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் மண் கா?" என்று கேட்டா. நானும் ஆசையாகச் சொல்லத் தொடங்கினேன். வாவிக்கு அங்கால் படுவான்கரைப் பக்கம், வயல் வட்டையில் எடுத்த களி. உழவு மிஷின் பெட்டியில் வந்து இறங்கும். ஊறப் போட்டு, கல் பொறுக்கி, மிதித்து, பிசைந்து எடுக்க வேணும். பாலைவன மணலில் சிரட்டை அளவுக் கோப்பை கூடச் செய்ய முடியாது, கையில் பிடித்தால் ஓடிவிடும். நான் எடுப்பது நிறத்தையும் கோட்டையும்தான்.

நான் சொல்லிக்கொண்டிருந்த இடத்திலேயே, என் காலடியில், வட்டையிலிருந்து வந்த களி ஈரச் சாக்கு மூடிக் குவிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு தவளை வேறு உட்கார்ந்திருந்தது. அம்மா "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டா. தவளையையும் பார்த்தா. அப்பாடா, ஒரு ஆளுக்காவது விளங்கிற்று என்று நான் மூச்சு விட்டேன். அவ என் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், யாருக்கும் கேட்காமல் கேட்டா: "அதெல்லாம் சரி கா, ஏயார்போட்டில பிடிக்கல்லயா? இவ்வளவு மண்ணயும் எத்தின சூட்கேசில கொண்டு வந்தாய்?"

தட்டிப் பார்த்த கிண்ணம்

எங்கள் பக்கத்தில் சட்டி பானை வாங்குகிறவர்கள் கண்ணால் வாங்குவதில்லை. இடது கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது. சொத்தென்று வந்தால் எங்கேயோ வெடிப்பு. ஆறேழு வயதுப் பிள்ளை கூடச் சந்தையில் இப்படித் தட்டும். சரி, அது நல்ல பழக்கம்தானே? என் சாமானைக் கண்டால் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போய்த் தொலைகிறதோ!

சில கிண்ணங்களுக்கு வெளிப்புறத்தில் தடிப்பாகக் களிப் பூச்சு ஒன்று பூசுவேன். அது காயும்போது மழை காணாத நிலம் மாதிரித் தானாகவே பிளக்கும். அப்படிப் பிளக்க வைப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பூச்சுத்தான் பிளக்கும், உள்ளே கிண்ணம் கல்லு மாதிரி இருக்கும். ஒரு ஐயா அப்படி ஒன்றை மகளின் புது வீடு குடிபூரலுக்கு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை அதே பேப்பரில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்தார். வெடித்த பாத்திரத்தைப் புது வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்று சம்பந்தி வீட்டில் கதையாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் முன்னாலேயே தட்டினேன், கோயில் மணி மாதிரிக் கேட்டது. தண்ணீர் ஊற்றி வைத்தேன். அவருக்கு ஒரு பிளேன் ரீ ஊற்றிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை இரண்டு பேரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளி கசியவில்லை. ஐயா தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்: "சத்தம் திறமாத்தான் இரிக்கு புள்ள. ஆனா குடிபூரலுக்கு வாற சனம் என்ன, ஒவ்வொராளா வந்து தட்டியா பாக்கப் போகுது?"

முதலாளியின் மீன்

வாவியில் மீன் பாடும் என்று பேர் எடுத்த ஊர் மட்டக்களப்பு, டவுனில் பாடும் மீனுக்குப் பஞ்சமில்லை. சுவரில் மீன், வளைவில் மீன், துவாயில் மீன், சாவிக்கொத்தில் மீன். பாடுகிறதோ இல்லையோ, எல்லா இடத்திலும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எனக்குத் தட்டுத் தந்த கடை முதலாளிக்கும் அந்த மீன் தலைக்குள் புகுந்துவிட்டது. நல்ல மனிதர் என்பதையும் சொல்ல வேணும். முதலில் கதிரை போடுவார், தேத்தண்ணி தருவார், பிள்ளைகள் சுகமா என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் கழுத்தில் கை வைப்பார்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற எங்கள் ஆட்கள் திரும்பிப் போகும்போது ஊர் ஞாபகமாக ஏதாவது கேட்கிறார்களாம். ஊர் ஞாபகமென்றால் மீனாம். ஆகவே அடுத்த முறை கொண்டு வருகிற ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு மீன் கீறியிருக்க வேணும், இல்லாவிட்டால் அந்தத் தட்டைச் சிப்பி மாலை செய்கிறவளுக்குக் கொடுக்கப் போகிறாராம். நான் என் கோப்பை ஒன்றை எடுத்து லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிக் காட்டினேன். இந்தக் கோட்டைப் பாருங்கள், தென்னை ஈர்க்கால் ஒரே மூச்சில் இழுத்தது, இரண்டாந்தரம் இழுத்தால் செத்துப்போகும் என்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு உண்மையாகவே பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒட்டகமாவது கீறியிரிந்தா ஒரு ஞாயம் இரிக்கு தங்கச்சி. நீ ஒண்டுமே இல்லாத இடத்தத்தானே கீறி வெச்சிரிக்காய்!"

வெறும் தூசி

ஒன்றுமே இல்லாத இடம்! பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரைக்கும் அந்தச் சொல் என்னைப் போட்டுக் குடைந்தது. அரபு நாட்டில் நான் வேலை செய்த வீடு அந்த ஊரின் கடைசி வீடு. மதிலுக்கு அங்கால் மணல்தான். வாசல் கதவைத் தாண்டித் தனியே போக எனக்கு அனுமதியில்லை. உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறுகிற நேரம்தான் என் நேரம். காலையில் மணல் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும், மத்தியானம் கண் கூசுகிற வெள்ளை, பின்னேரம் சிவந்துபோகும். நேற்றுக் கிடந்த கோடு இன்றைக்கு இருக்காது, காற்று வேறு கோடு கீறியிருக்கும். கூட்டு, துடை, கழுவு என்று விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நான் கூட்டத் தேவையில்லாத மணல் உலகத்தில் அது ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் பைத்தியம் பிடிக்காமல் ஊர் வந்து சேர்ந்தேன். அதுவா ஒன்றுமே இல்லாத இடம்?

அந்த வீட்டு மேடம் பின்னறையில் சக்கரம் வைத்துக் கோப்பை செய்கிறவ. எல்லாம் வெள்ளை, விளிம்பில் தங்கக் கோடு. எனக்கு ஒரு சொல் சொல்லித் தந்ததில்லை. மண்ணைப் பிசை என்றா, பிசைந்தேன். சக்கரத்தைக் கழுவு என்றா, கழுவினேன். அவ வெளியூர் போகிற நாட்களில் கழுவுவதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றியும் பார்த்தேன். என் தொழில் படிப்பு அவ்வளவுதான். பாலைவனத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த அந்த மனுஷி அதில் ஒரு நிறத்தைக் கூடத் தன் கோப்பையில் சேர்த்ததில்லை. ஒரு நாள் வெறும் உடுப்புக் கூடையோடு நான் மாடிச் சுவரில் சாய்ந்து நின்றதைக் கண்டுவிட்டா. அவ அரபியில் கத்தினது இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது: "அங்கே என்ன பார்க்கிறாய்? அது வெறும் தூசி. கீழே வந்து ஜன்னலைத் துடை."

மச்சாள் சொன்ன மணல்

தவமணி மச்சாள் என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த வளவில் இருக்கிறா. நிறப் பூச்சுப் பூசுவதும், வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுவதும் அவட வேலை. பூச்சில் அவவின் கை எனக்கு வராது, அதை எங்கேயும் சொல்வேன். முதலாளி சொன்ன மீன் கதையால் நான் சூளையடியில் கடுகடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், கொட்டிலில் மச்சாள் யாருக்கோ விளக்கம் கொடுப்பது கேட்டது. "கல்லடிக் கடற்கரை மண் மாதிரிச் செய்திரிக்கு, பாருங்க. எங்கட ஊர் மண்தான்."

வந்தவர்கள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு போட்டேன் ஒரு சத்தம், வேலியில் நின்ற கோழியெல்லாம் அங்கால் பறந்தது. எத்தனை நாளாக இந்தப் பொய்? கல்லடியிலா நான் கிடந்து சீரழிந்தேன்? என் கண்ணால் பார்த்ததை மாற்ற நீங்கள் யார்? மச்சாள் கையிலிருந்த கோப்பைக்குப் பூச்சைப் பூசி முடித்தா. அதைப் பலகையில் கவனமாக வைத்தா. பிரஷைக் கழுவினா. அதற்குப் பிறகு என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னா: "நீ அங்க கக்கூசு கழுவினது ஊருக்கே தெரியும் கா. அத மறக்க வெக்கிறதுக்கு நாங்க இஞ்ச கிடந்து பாடுபடுறம். நீ என்னெண்டா கோப்பையில கீறிக் கீறி ஞாபகப்படுத்துறாய்."

காய்ந்த மீன்

கீறினேன். ஓம், மீன் கீறினேன். தட்டுப் போய்விடும் என்ற பயம் பாதி, மச்சாள் சொன்னது நெஞ்சுக்குள் நின்ற வயிற்றெரிச்சல் பாதி. ஒரு சூளை நிறைய மீன். ஒவ்வொரு மீனுக்கும் கண் வைக்கும்போது முதலாளிக்கும் மச்சாளுக்கும் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

ஆனால் என்னிடம் இருந்த பூச்செல்லாம் மணல் நிறப் பூச்சு. புதுப் பூச்சுக் கலக்க எனக்கு மனமும் இல்லை. சூளை ஆறித் திறந்து பார்த்தால், வெள்ளை மணலில் வயிறு ஒட்டி, வாயைப் பிளந்து, பழுப்பு நிறத்தில் மீன்கள் வரிசையாகக் கிடந்தன. மச்சாள் பார்த்துவிட்டு வாயில் சேலைத் தலைப்பை வைத்தா. சிரிக்கிறாவோ அழுகிறாவோ தெரியவில்லை, நான் கேட்கவுமில்லை. கொட்டிலில் நாலைந்தை வைத்தேன். வழக்கமாக மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றுக்கொண்டு போகிற தம்பி ஹோர்னை அடித்து நிறுத்தினான். மீனைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? ஒரு கோப்பையை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய் மணந்து பார்த்தான், படுபாவி. "கருவாடு நல்லாக் காஞ்சிரிக்கு அக்கா. உப்புத்தான் ஒள்ளுப்பம் கூடப் போட்டிரிக்கலாம்."

தரையில் வைத்த பெட்டி

கருவாடோ என்னவோ, முதலாளிக்குப் பிடித்துவிட்டது. மச்சாளும் நானும் பெட்டியோடு போய் இறங்கின உடனேயே மீன் கோப்பைகளை எடுத்து லைட்டுக்குக் கீழே அடுக்கினார். என் பழைய கோப்பைகளையும் கிண்ணங்களையும் தட்டிலிருந்து இறக்கித் தரையில் ஒரு காட்போட் பெட்டியில் வைத்தார். "இதுகள வீட்ட கொண்டு போங்க தங்கச்சி, இடத்தப் பிடிச்சிட்டு இரிக்கு" என்றார். நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றினேன். எனக்கு வந்தது ஆத்திரமா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கலியாண வீட்டுக்கு ஏதோ வாங்க வந்த ஒரு பெண், குடையை மடக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனவ, திரும்பி வந்தா. பெட்டிக்குப் பக்கத்தில் தானும் குந்தினா. ஒரு கிண்ணத்தை எடுத்து இடது கையில் ஏந்தி விரல் முட்டியால் தட்டினா. கணீரென்றது. பிறகு கோட்டின் மேல் பெருவிரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனா. "இது மொட்டமாடியில நிண்டு பாக்கக்குள்ள தெரியிற மண்தானே?" என்று கேட்டா. நான் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தேன். முதலாளி மேலேயிருந்து, "அது பழைய மொடல், இஞ்ச மீன் இரிக்கு பாருங்க" என்று கூப்பிட்டார். அந்தப் பெண் அசையவில்லை. "ஆர் செய்தது இது?" என்று மச்சாளைத்தான் கேட்டா. கல்லடிக் கடற்கரை என்று சொல்லப் போகிறா என நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடை முழுக்கக் கேட்க மச்சாள் சொன்னா, "இவதான். என்ட மச்சாள். அரபு நாட்டில வீட்டு வேல செய்யக்குள்ள பாத்தது."

அந்தப் பெண் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தா. விரல்களெல்லாம் என் விரல்கள் மாதிரியே வெடித்துக் காய்த்திருந்தன. எந்த நாடு, எந்த வீடு என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. இதுதான் சொன்னா: "நான் வந்திறங்கின நாளில இருந்து எல்லாரும் என்ன கொண்டு வந்தாய் எண்டுதான் கேட்டாங்க கா. என்ன பாத்தாய் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

போர்ட்

அந்தப் பெண் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு முதலாளி மனதுக்குள் கணக்குப் போட்டார். வெளிநாடு போய் வந்த பெண்கள் ஊரில் எக்கச்சக்கம், அவர்களுக்கென்று இதையும் செய்யலாம், ஆனால் ஓரத்தில் ஒரு சின்ன மீன் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்றார். இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் நடந்தும்! நான் அந்த லைட்டுக்குக் கீழே கை விட்டு மீன் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தேன். மச்சாள் மற்றப் பெட்டியைத் தூக்கினா. தட்டு இப்போது சிப்பி மாலைக்காரியிடம். அவள் சுகமாக இருக்கட்டும், எனக்கு அவள்மேல் கோபமில்லை. அந்தக் கண்ணாடிக் கதவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது என்பதையும் மறைக்கவில்லை.

போன மாதம் மச்சாள் தானே ஆளைப் பிடித்துக் கொட்டிலுக்கு ஒரு போர்ட் எழுதி மாட்டினா. பெரிய எழுத்தில் "பாலைவனக் கோப்பை". றோட்டில் போகிறவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள், சூட்கேஸ் கதையும் கேட்கிறார்கள். நேற்றும் ஒருவர் காரை விட்டு இறங்காமலே, இது கல்லடி மண்ணா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சாள் பிரஷோடு வெளியே போனா: "கல்லடி இல்ல தம்பி. எங்கட பொம்புளயள் வேலைக்குப் போய் நிண்டு பாத்த இடம். வாங்கிறதெண்டா இறங்கி வந்து தட்டிப் பாத்து வாங்குங்க."

மீன் கீறிய கோப்பைகளெல்லாம் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. கோபம் வருகிற நாட்களில் அதில்தான் தேத்தண்ணி குடிப்பது என்று வைத்திருக்கிறேன், ஆகையால் தினமும் குடிக்கிறேன்.